வாசலில் எண்ணினால் காடு பிழைக்குமா?

நீலகிரிக்கு இ-பாஸ் வந்தாயிற்று. வண்டிகளுக்கு வரம்பும் வந்தாயிற்று. உள்ளே வந்துவிட்ட மனிதரைக் காட்டுக்குள் யார் கவனிப்பது என்பது மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடலூரிலிருந்து குண்டல்பேட்டை போகும் நெடுஞ்சாலையில், கக்கநல்லா எல்லையைத் தாண்டிய பந்திப்பூர்க் காடு. சாலையோரம் ஒரு காட்டு யானை. வண்டிகள் நின்றுவிடுகின்றன. கண்ணாடிகள் இறங்குகின்றன, கைபேசிகள் வெளியே நீள்கின்றன. ஒருவர் மட்டும் இறங்கி, நல்ல படம் கிடைக்கும் தூரம்வரை நெருங்கிப் போகிறார். யானை திரும்புகிறது. அவர் ஓடுகிறார், விழுகிறார். யானை மிதித்துவிட்டு விலகிப் போகிறது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். நின்றிருந்த வண்டிகளிலிருந்து எடுத்த காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. கர்நாடக வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டது.

காணொளியைப் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தது அந்த ஒருவரை. திட்டியதில் தவறில்லை. ஆனால் அவர் இறங்குவதற்கு முன்பே அங்கே நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டிகள் நின்றிருந்தன. ‘நிறுத்தாதே, இறங்காதே, உணவு கொடுக்காதே’ என்ற பலகைகள் அந்தச் சாலை நெடுகிலும் உண்டு. பலகை இருந்தது, ஆள் இல்லை. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த வண்டிகளில் இருந்தவர்கள் புலிகள் காப்பகத்தின் கணக்கில் சுற்றுலாப் பயணிகளே கிடையாது என்பது. அவர்கள் சஃபாரி டிக்கெட் வாங்கவில்லை, வனத்துறை விடுதியில் தங்கவில்லை, வழிகாட்டியோடு போகவில்லை. சாலை வழியே போனார்கள், யானை தெரிந்தது, நின்றார்கள். முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம், ஆனைமலை என்று எந்தக் காப்பகத்தை எடுத்தாலும் காட்டைப் பார்ப்பவர்களில் பெரும் பகுதியினர் இப்படிக் கணக்கில் வராதவர்கள்தான். காட்டுச் சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவது பற்றி நாம் பேசும்போதெல்லாம், டிக்கெட் வாங்கியவர்களைப் பற்றியோ சோதனைச்சாவடியில் எண்ணப்பட்ட வண்டிகளைப் பற்றியோதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எண் கிடைத்தது, அதற்குப் பிறகு?

கதையின் முன்பாதி எல்லோருக்கும் தெரியும். 2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றது. மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. கோடை சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளில் 20,000 வண்டிகள்வரை நுழைகின்றன என்ற அரசுத் தரப்புக் கணக்கு நீதிமன்றத்தைத் திடுக்கிட வைத்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் ஏழே கால் லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை கொண்ட மலை மாவட்டம் அது. முதலில் எண்ணிக்கை தெரிந்துகொள்வதற்காகத் தொடங்கிய இ-பாஸ், 2025 மார்ச்சில் வரம்பாக மாறியது. ஏப்ரல் முதல் ஜூன்வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரியில் வணிகர்கள் கடையடைத்தார்கள், டாக்ஸி ஓட்டுநர்கள் கொதித்தார்கள். எவ்வளவு பேரை மலை தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. அரசு பல பத்தாண்டுகளாகத் தொடாமல் விட்டதை அது தொட்டது. சிக்கல், எண் கிடைத்ததும் பிரச்சினை முடிந்தது என்ற நிம்மதி எல்லாத் தரப்பிலும் பரவியதில் இருக்கிறது. கல்லாறு போன்ற சோதனைச்சாவடிகளில் எண்ணப்படும் 6,000 வண்டிகளில் தொட்டபெட்டாவோடும் தாவரவியல் பூங்காவோடும் முடித்துக்கொண்டு திரும்புபவை காட்டுக்குச் செய்யும் தீங்கு வேறு. இரவு ஒன்பது மணிக்கு மசினகுடி தாண்டிய மண்பாதையில் விளக்கை எரியவிட்டு விலங்கு தேடும் ஒரே ஒரு ஜீப் செய்யும் தீங்கு வேறு. எண் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஒரு காட்டுக்கு வருகையாளரால் என்ன நேர்கிறது என்பது அவர் எந்த நேரத்தில், எந்தப் பாதையில், எங்கே தங்கி, என்ன தின்று, எதைப் போட்டுவிட்டு, யார் கண்காணிப்பில் நடக்கிறார் என்பதைப் பொறுத்தது. வந்தவர்களின் தொகை அதில் ஒரு பகுதிதான், பல நேரங்களில் சிறிய பகுதி.

‘தாங்குதிறன்’ என்ற கருத்தை உருவாக்கியவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். உலகெங்கும் பாதுகாக்கப்பட்ட காடுகளில் பின்பற்றப்படும் கணக்குமுறைக்கு மூன்று படிகள் உண்டு. இந்தியாவில் 2012-ல் வந்த புலிகள் காப்பகச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளிலும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பாதையின் நீளத்தையும் நேரத்தையும் வைத்து அதிகபட்சமாக எத்தனை வண்டி கொள்ளும் என்று பார்க்கிறார்கள். பிறகு மழை, வெயில், மண் அரிப்பு, விலங்குகளுக்கு ஏற்படும் தொந்தரவு போன்ற காரணங்களுக்காக அதைக் குறைக்கிறார்கள். மூன்றாவது படியில், அங்கே இருக்கும் பணியாளர், வண்டி, வசதி ஆகியவை தேவையானதில் எத்தனை சதவீதம் என்று பார்த்து இன்னொரு முறை குறைக்கிறார்கள். அதாவது ஒரே காடு, ஒரே பாதை, ஒரே யானைக்கூட்டம். பயிற்சி பெற்ற ஆட்கள் போதிய அளவில் இருந்தால் கூடுதலான பேரைத் தாங்கும், பாதி இடங்கள் காலியாகக் கிடந்தால் பாதிப்பேரைத்தான் தாங்கும். மலை தாங்கும் எண் பாறையில் எழுதிவைத்ததன்று. நம் நிர்வாகம் எவ்வளவு திறமையானது என்பதே அந்த எண்ணின் கடைசி இலக்கத்தைத் தீர்மானிக்கிறது. நம் விவாதத்தில் இந்த மூன்றாவது படியைப் பற்றி ஒரு பேச்சும் காணோம்.

> பெட்டிச் செய்தி: சட்டத்தில் சுற்றுலாவுக்கு என்ன இடம்?
>
> 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய யாருக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகுதான் சுற்றுலா வருகிறது.
>
> 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதும் தடை விலகியது. மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதத்தில்தான் சுற்றுலா நடக்கலாம் என்பது அந்த நெறிகளில் முக்கியமானது.
>
> முதுமலை 1940-ல் சரணாலயமானது. 2007-ல் புலிகள் காப்பகமானது. மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர். வெளிமண்டலத்தோடு சேர்த்து சுமார் 688.

சீகூரில் ஒரு பாடம்

வருகையாளர் என்ன செய்கிறார் என்பதைவிட அவர் எங்கே படுக்கிறார் என்பது காட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ள சீகூர்ப் பீடபூமியைப் பார்த்தால் போதும். நீலகிரியின் வடக்குச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு யானைகள் போய்வரும் கணவாய். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. யானைக்கு வேறு வழி கிடையாது. அந்த ஒடுக்கத்தில்தான் மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா என்று ஊர்களும், அவற்றையொட்டி விடுதிகளும் வளர்ந்தன. 2010-ல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2018-ல் அனுமதியில்லாத விடுதிகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, தனித்தனி முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது.

தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியின் பக்கம் வந்த யானைமீது எரியும் டயரை எறிந்தார்கள். தலையிலும் காதிலும் தீயோடு அது ஓடிய காணொளியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த யானை இறந்தது. கைதுகள் நடந்தன, விடுதிக்குச் சீல் வைக்கப்பட்டது. கொடியவர்கள் சிலரின் செயலாக அதைப் பேசி முடித்துவிட்டோம். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் வழித்தடத்தின் நடுவே அறைகள் கட்டி, ‘ஜன்னலைத் திறந்தால் யானை’ என்று விளம்பரம் செய்து, உண்மையாகவே ஜன்னலுக்கு யானை வந்ததும் விரட்ட வேண்டிய நிலை வருகிறதென்றால், அந்தத் தீப்பந்தம் ஏதோவொரு நாள் எறியப்பட்டே இருக்கும்.

அதே ஆண்டு அதே இடத்தில் நடந்த இன்னொன்று குறைவாகவே பேசப்பட்டது. ரிவால்டோ என்று பெயரிடப்பட்ட ஆண் யானை வாழைத்தோட்டத்தைச் சுற்றியே திரிந்தது. தும்பிக்கையில் காயம், மனிதர் தரும் பழங்களுக்குப் பழகிப்போனது. மே மாதம் அதை மரக்கூண்டில் அடைத்து வைத்தியம் பார்த்து, ஆகஸ்ட் 2 அன்று தொலைவில் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே நாளில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நடந்து வாழைத்தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. காட்டு விலங்குக்கு ஒரு பழம் கொடுப்பதில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு இந்த 40 கிலோமீட்டர்தான் பதில். பழகிய யானையைத் திருத்த வனத்துறைக்குக் கும்கிகளும், கூண்டும், கழுத்துப்பட்டையும், மாதக்கணக்கில் ஆட்களும் வேண்டியிருந்தது. பழக்குவதற்குச் சில பழங்கள் போதுமாயிருந்தன. வால்பாறையில் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் சாலைக்கும் சமையலறைக்கும் வரப் பழகியதும், வால்பாறை மலைப்பாதையில் வரையாடுகள் கார்களைக் கண்டும் நகராமல் நிற்பதும் இதே கணக்கில் சேரும். 2023-ல் முதுமலையை மையமாகக் கொண்ட ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியதும் அங்குள்ள தெப்பக்காடு யானை முகாமுக்குக் கூட்டம் அலைமோதியது. முகாமில் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் இருந்ததால், வளர்ப்பு யானைக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் நடுவே ஓர் ஒழுங்கு இருந்தது. காட்டு யானைக்கும் காருக்கும் நடுவே அப்படி யாரும் இல்லை.

நடத்தையை மாற்றியவை

எண்ணைக் குறைக்காமலேயே நடத்தையை மாற்ற முடியும் என்பதற்கும் நீலகிரியே சாட்சி. காட்டுக்குள் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானையின் பாதத்தைக் கிழிப்பது பல காலமாக நடந்துவந்தது. தடை, அபராதம், விழிப்புணர்வுப் பேரணி எல்லாம் ஆகிவிட்டன. 2022 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பாட்டில்கள் திரும்பி வந்தன. அவரவர் கொண்டுவரவில்லையென்றாலும் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்க ஆள் இருந்தது. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. குடிப்பவர் எண்ணிக்கை குறையவில்லை, காட்டுக்குள் கண்ணாடி குறைந்தது. ஒரு பேரணியால் ஆகாததைப் பத்து ரூபாய் செய்தது என்றால், அது மனிதர்களைக் கேவலப்படுத்துவது ஆகாது, மனிதர்களைப் புரிந்துகொண்டது.

இரவுப் போக்குவரத்துத் தடையும் அப்படித்தான். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணி தொடங்கி காலை 6 வரை தடை. சத்தியமங்கலத்தில் பண்ணாரி–திம்பம் மலைப்பாதைக்கு 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை வந்தது. சரக்கு லாரிக்காரர்கள், மலைக் கிராமத்து விவசாயிகள் என்று எதிர்ப்பு பலமாக இருந்தது. உள்ளூர் மக்களுக்கும் அவசரத் தேவைகளுக்கும் விலக்குகள் வந்தன. பகலில் போகும் வண்டிகளுக்கு வரம்பு போடாமலேயே, விலங்குகள் அதிகம் சாலை கடக்கும் நேரத்தை மட்டும் அவற்றுக்கு விட்டுக்கொடுத்தது இந்த ஏற்பாடு. எத்தனை வண்டி என்று கேட்பதைவிட எந்த நேரத்தில் வண்டி என்று கேட்பது இங்கே கூடுதல் பலன் தந்திருக்கிறது.

குரங்கணி, வேறொரு பக்கத்திலிருந்து இதையே சொன்னது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். கொடுந்தீக் காலத்தில் அனுபவமில்லாதவர்களைக் காய்ந்த போதைப்புல் சரிவில் கூட்டிச் சென்றதை அன்றைக்குத் தடுக்க ஒரு முறையான ஏற்பாடு இல்லை. சம்பவத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தடை, விசாரணை, அறிக்கை. தடை இருந்த காலத்திலும் இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு இரவோடிரவாக ஏறுவது நிற்கவில்லை என்பது மலையடிவாரத்து ஊர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கூடவே வரும் பழங்குடி, உள்ளூர் இளைஞர்கள், தீக்காலத்தில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடல். கட்டணம் அதிகம் என்ற புகார் வந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் காட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரோடும் வழி தெரிந்த ஒருவர் நடக்கிறார் என்பது, சோதனைச்சாவடியில் பெயர் எழுதி அனுப்புவதைவிட வேறு வகையான ஏற்பாடு.

பக்தர்களை எதில் சேர்ப்பது?

நீலகிரியை மட்டுமே பேசுவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளில் ஒரே நாளில் மிகப்பெரிய கூட்டம் கூடுவது சுற்றுலாவுக்காக இல்லை. களக்காடு–முண்டந்துறை, 1988-ல் அறிவிக்கப்பட்ட, மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம். அதற்குள் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். முன்பெல்லாம் நாட்கணக்கில் குடில் போட்டுத் தங்கினார்கள். சதுரகிரி, வெள்ளியங்கிரி, இரண்டுக்கும் இதே நிலை. ‘சுற்றுலாவைத் தடை செய்யுங்கள்’ என்று முழங்குபவர்கள் இந்த இடங்களைத் தொடும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்துவதில் நியாயமும் உண்டு. கோயில், காப்பகத்துக்கு முந்தியது. அங்கே வாழும் காணிக்காரப் பழங்குடியினர் அதற்கும் முந்தியவர்கள்.

காரையாற்றில் நடந்த மாற்றம் அதிகம் எழுதப்படாதது. தங்கும் நாட்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தவைத்து, அங்கிருந்து அரசுப் பேருந்தில் பக்தர்களைக் கொண்டுபோகிறார்கள். குப்பை அள்ளவும், தாமிரபரணியில் துணியை விடாமல் பார்க்கவும் தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நம்பிக்கையோடு வரும் லட்சம் பேரைப் பேருந்தில் ஏற்ற முடிகிறது. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் போகும் சில ஆயிரம் பேரை ஏற்ற முடியாது என்கிறார்கள்.

> பெட்டிச் செய்தி: எல்லைக்கு அந்தப் பக்கம்
>
> இரவிகுளம்: மூணாறை ஒட்டிய இந்தத் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். பயணிகளுக்கு ராஜமலைப் பகுதி மட்டும் திறந்திருக்கிறது. சொந்த வண்டி வெளியிலேயே நிற்கும். உள்ளே வனத்துறைப் பேருந்து. வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி–மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். சீசன் பாதிக்கும் என்று யாரும் அதை மாற்றச் சொல்லி வெற்றி பெற்றதில்லை.
>
> பெரியாறு: 1990-களின் பிற்பாதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டில் பட்டை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சேர்த்துக்கொண்டார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் அவர்கள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது: அதே காப்பகத்தின் தேக்கடி ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

எதிர்க் கேள்விகள்

முதல் கேள்வி வயிற்றுப்பாடு. கட்டுப்பாடு என்றாலே டாக்ஸிக்காரர், டீக்கடைக்காரர், அறை வாடகைக்கு விடுபவர் அடி வாங்குகிறார். உண்மை. எண்ணிக்கை வரம்பு அவர்களைத்தான் முதலில் தாக்கும். பெரிய விடுதிக்குப் பத்து வாடிக்கையாளர் குறைந்தால் தாங்கும், ஜீப் ஓட்டிக்குத் தாங்காது. அதனால்தான் வரம்பை மட்டும் நம்பும் அணுகுமுறை அவர்களுக்கு எதிரானது. நடத்தையை ஒழுங்குபடுத்தும் நிர்வாகத்துக்கு ஆட்கள் நிறைய வேண்டும்: பேருந்து ஓட்ட, பாதையில் நிற்க, வழிகாட்ட, கழிவறையைச் சுத்தமாக வைக்க, யானை வரும் நேரம் சாலையை மறித்து நிறுத்த. இன்று மசினகுடியில் திருட்டு இரவு சஃபாரி ஓட்டும் இளைஞருக்கு அந்தக் காடு அத்துப்படி. அவரிடம் உரிமமும் சீருடையும் பகல் நேர வேலையும் இருந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைப் பெரியாற்றில் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. காடு எல்லோருக்கும் சொந்தம். கட்டணமும் முன்பதிவும் பேருந்தும் வந்தால் பணக்காரர் மட்டும் பார்க்கும் இடமாக அது ஆகிவிடாதா? பூட்டானைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அந்நாடு பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் இரவுக்கு நூறு டாலர் நிலையான வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பாதை நமக்கு வேண்டாம். கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது, பொதுச் சொத்தை ஏலம் விடுவது போலாகும். ஆனால் இன்றைய நிலை சமத்துவமானது என்று நினைத்தால் அது தவறு. சொந்தக் கார் வைத்திருப்பவரும் ரிசார்ட்டில் அறை எடுப்பவரும்தான் இன்று காட்டை நெருங்கிப் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து அரசுப் பேருந்தில் வரும் குடும்பம் தெப்பக்காட்டு முகாமோடு திரும்புகிறது. காரை வெளியே நிறுத்தி எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றுவதைவிட ஏழைக்குச் சாதகமான ஏற்பாடு வேறொன்று தெரியவில்லை.

மூன்றாவது வாதம் வனத்துறைக்குள்ளேயே செல்வாக்குள்ளது: பயணிகள் இருக்கும் காட்டில் வேட்டைக்காரன் வரமாட்டான், பயணிகளே காட்டின் கண்கள். இதை நம்ப ஆசைதான். ஆனால் ராஜஸ்தானின் சரிஸ்கா பயணிகளுக்குத் திறந்திருந்த காப்பகம். 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவும் அப்படியே, 2009-ல். ஜீப்பில் போகிறவர் பாதையைப் பார்க்கிறார், பாதைக்கு அப்பால் கண்ணி வைப்பவரைப் பார்ப்பதில்லை. கண்களாக இருப்பவர்கள் நடந்து ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுப்பவர்கள்.

‘அப்படியானால் மொத்தமாக மூடிவிடலாமே’ என்பது கடைசி வாதம். மனதுக்கு இதமானது, நடக்காதது. நெடுஞ்சாலை மூடாது. கோயில் மூடாது. காட்டுக்குள்ளும் ஓரத்திலும் ஊர்கள் இருக்கின்றன. மூடப்பட்ட இடத்தின் கூட்டம் கட்டுப்பாடே இல்லாத அடுத்த அருவிக்கு நகரும். மேலும் காட்டைப் பார்த்தே இராத தலைமுறை, காட்டுக்குள் நான்கு வழிச்சாலை போடுவதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது.

எழுதி வைக்கும் பழக்கம்

அமெரிக்காவில் வனவிலங்குப் புகலிடங்களுக்கென்று 1997-ல் வந்த திருத்தச் சட்டம் ஒன்று உண்டு. அங்கே பயணிகளுக்காக எதை அனுமதிப்பதாக இருந்தாலும், அது அந்தப் புகலிடம் எந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டதோ அதோடு ஒத்துப்போகிறதா என்று பொறுப்பதிகாரி எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பொதுமக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளில் மறுபடி பரிசீலிக்க வேண்டும். அவர்கள் அனுமதிக்கும் பட்டியலில் வேட்டையும் மீன்பிடிப்பும் இருக்கின்றன. அது நமக்கு ஆகாது. ஆனால் ‘இந்தப் பாதையில், இந்த மாதங்களில், இத்தனை பேர், இன்ன காரணத்துக்காக’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதிவைப்பது ஆகும். நம்மிடம் புலிப் பாதுகாப்புத் திட்டங்களில் சுற்றுலா அத்தியாயம் இருக்கிறது. அதை வழக்கறிஞர்களும் ஆர்வலர்களும் தவிர யார் படிக்கிறார்கள்? ஒரு பாதையைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஏன் என்று ஊராருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஒவ்வொரு கட்டுப்பாடும் அதிகாரியின் கெடுபிடியாகத் தோன்றுகிறது, ஒவ்வொரு தளர்வும் காசு கைமாறியதாகத் தோன்றுகிறது.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2006 திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை. நுழைவுக் கட்டணம் கருவூலத்துக்குப் போகாமல் அங்கேயே தங்கி, காப்பகத்துக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் செலவாக வேண்டும். இந்த வருமானம் சஃபாரி டிக்கெட்டிலிருந்து வருவது. நெடுஞ்சாலையில் நின்று யானை பார்ப்பவர் அந்த டிக்கெட்டை வாங்குவதில்லை, அவரால் வரும் வேலைதான் அதிகம். காப்பகத்தை ஒட்டிய விடுதிகளிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்கலாம் என்று 2012 நெறிகள் சொல்லின. வாங்குவதற்கு முன் எந்த விடுதி சட்டப்படியானது என்று முடிவாக வேண்டும். சீகூரில் அந்த வழக்குகளே பல ஆண்டுகள் இழுத்தன.

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். கணக்கிலிருந்து நீலகிரிக்கு எந்த எண் வந்தாலும், அது 6,000-ஐவிடக் கூடலாம், குறையலாம். அந்த எண்ணின் மூன்றாவது படியில் என்ன மதிப்பு போடப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்: முதுமலையில் எத்தனை வனக்காப்பாளர் இடங்கள் காலியாக இருப்பதாக வைத்துக் கணக்கிட்டார்கள், தெப்பக்காடு–மசினகுடி சாலையில் நாளொன்றுக்கு எத்தனை பேருந்து நடை என்று எடுத்துக்கொண்டார்கள், கக்கநல்லாவிலிருந்து கூடலூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிவரை சாலையில் நிற்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று எழுதினார்கள். அடுத்த ஏப்ரலில் சீசன் தொடங்கும்போது அந்த ஆட்கள் சாலையில் நிற்கிறார்களா என்பதை எந்தக் காரில் போகிறவரும் சன்னல் வழியாகவே சரிபார்த்துக்கொள்ளலாம்.